நிலார் கொடுத்த மாடிப்படி

பழைய பலகையிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த நிலார், தலை நிமிராமலே சொன்னாள். "எங்க வீட்டுப் படிய எடுத்துக்கங்கண்ணே."

வெற்றிலைச் சாற்றைத் துப்பப் போன தச்சர் ஊ தௌங் அப்படியே நின்றுவிட்டார். காலையிலிருந்து அவர் புலம்பிக்கொண்டிருந்தது ஒரு மாடிப்படிக்காகத்தான். மரக் கம்பெனிக்காரர்கள் எந்தக் காலத்திலோ கட்டிப்போட்டுவிட்டுப் போன அந்தப் பங்களாவை, மோல்மீன் ஊரில் காசு வாங்காமல் பிணம் எடுக்கும் சங்கம் மருந்தகமாக மாற்றிக்கொண்டிருந்தது. கீழே டாக்டர் உட்கார இடம். மேலே, தூரத்து ஊர்களிலிருந்து நோயாளியைக் கூட்டிவரும் சனங்கள் படுத்து எழ ஒரு கூடம். புதுத் தேக்கு வாங்கச் சங்கத்துக்கு வக்கில்லை. ஊரில் எந்தப் பழைய கட்டடத்தை இடித்தாலும் சங்கத்து வண்டி போய் நின்றது. அரிசி ஆலையிலிருந்து தூண்கள் வந்தன. மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து தரைப்பலகை வந்தது. படி மட்டும் அமையவில்லை. பங்களாவின் சொந்தப் படியோ கறையான் தின்று, கால் வைத்தால் மாவாக உதிர்ந்தது. மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"உன் வீட்டுப் படிய எடுத்துட்டா நீ மேல எப்படிப் போவ?"

"நான் மேல போறதில்லண்ணே."

அது உண்மை. அவள் புருஷன் ஸோ மின் சங்கத்து வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் ஒரு மத்தியானம், சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில், வண்டியை ஓரமாக நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். அதே வண்டியில்தான் அவனையும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து நிலார், இருவரும் படுத்த மாடியறைக்குப் போகாமல், கீழே அடுப்படியை ஒட்டிய இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறாள். அழவில்லை. கல் மாதிரி இருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கல்லாக இருந்தால் பாரமாகவாவது தெரிந்திருக்கும். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. சோறு சோறாக இருந்தது, வெயில் வெயிலாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஊ தௌங்கும் ஆட்களும் வந்தார்கள். பலகை சுமக்கும் ஏமூவும் கூட வந்தாள்.

"மேல சாமான் ஏதாச்சும் இருக்கா? இறக்கிக் குடுத்துட்டுப் போறோம்" என்றார் ஊ தௌங்.

"ஒண்ணும் இல்ல."

ஏமூ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு பெரிய தானம்க்கா இது. அடுத்த பிறவியில ராணியா பொறப்பீங்க பாருங்க." பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ யாருக்கோ சொல்வதுபோல் அது நிலாருக்குக் கேட்டது. தானமும் இல்லை, ஒன்றும் இல்லை. படி இருக்கும்வரை ஏறவேண்டுமா என்ற கேள்வியும் இருந்தது. படி போனால் கேள்வியும் போய்விடும்.

மேல் முனையைக் கழற்ற வேண்டுமானால் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். அதை அவள் யோசிக்கவே இல்லை. உளியோடு ஏறிய ஊ தௌங்கின் காலடிச் சத்தம் உத்தரத்துக்கு மேலே கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு நின்றது. சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் உளியைத் துடைத்தார்.

"கொடியில கைலி கெடக்கு" என்றார் தாழ்ந்த குரலில். "சன்னல் தெறந்து இருந்துச்சு. சாரல் அடிக்குமேன்னு சாத்திட்டு வந்தேன்."

"சரிண்ணே."

"வேற படி தேடலாம், தங்கச்சி. இன்னும் நாள் இருக்கு."

"எடுத்துட்டுப் போங்க."

அவர் போனார். படியும் போனது. மேல்தளப் பலகையில் ஒரு கறுத்த ஓட்டை மிச்சமிருந்தது. நிலார் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பங்களாவில் படி கச்சிதமாகப் பொருந்தியது. முதலில் ஏறிக் காட்டியவர் ஊ தௌங்தான். "படி அசையல, ஏறுறவருதான் ஆடுறாரு" என்று ஏமூ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நிலாரும் வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளுக்கு எப்போதும் கீழேதான் வேலை இருந்தது.

வர்ணம் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம், தூரத்துத் தீவுக் கிராமத்திலிருந்து ஒரு பெண், இழுத்து இழுத்து மூச்சுவிடும் புருஷனோடு வந்து நின்றாள். ஊ தௌங் அவரைக் கீழே படுக்கவைத்தார். பெண் மூட்டையோடு மாடிக்குப் போனாள். அவளுக்குப் பாய் கொண்டுபோக அங்கே வேறு ஆள் இல்லை.

நிலார் ஏறினாள். ஒவ்வொரு படியின் வழவழப்பும் காலுக்குத் தெரிந்திருந்தது. மேலே போனதும் உடம்பு தானாக இடதுபக்கம் திரும்பியது. அங்கே அறை இல்லை. அகலமான கூடமும், மழையில் மங்கிய சால்வின் ஆறும் இருந்தன.

அந்தப் பெண் கொசுவலையின் மூன்று முனைகளைக் கட்டிவிட்டு, நாலாவதை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தாள். "அக்கா, இதக் கொஞ்சம் புடிங்களேன். கயிறு பத்தல."

நிலார் பிடித்தாள். கீழே இருமல் சத்தம் கேட்டது. "அவருதான்" என்று சொல்லி அந்தப் பெண் தடதடவென்று படியில் இறங்கி ஓடினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. கீழே யாரோ வெந்நீர் கேட்டார்கள். தூக்கிய கை கடுக்க ஆரம்பித்தது. தோளிலிருந்து முழங்கை வரை வலி மெல்ல இறங்குவதை நிலார் கவனித்தாள். இன்னொரு கையையும் கொண்டுபோய் வலை முனையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். காற்றில் வெள்ளை வலை உப்பி, அமுங்கி, மறுபடி உப்பியது.