நான் வெட்டி எறிந்த ஏழு நொடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, நான் செய்த தப்பில் முளைத்தது. ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் ஒன்பது வருடம் எடிட்டராக இருந்தேன். வெட்டுவதும் ஒட்டுவதும்தான் பிழைப்பு. அங்கே எல்லோருக்கும் நான் ‘கத்தரி’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அந்தக் கத்தரியை வைத்துக்கொண்டு, ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய ஒன்றை நாற்பத்து மூன்று வாரம் வெட்டிக் குப்பையில் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்வதாக நினைத்துச் செய்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘உயர்ந்து நின்ற கோபுரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் புறப்பட்டு, ஊரின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும்—’

போதும். எங்கள் கோபுரம் ஒரு துணிக்கடையின் மொட்டை மாடியில் நின்ற இரும்புக் கம்பி. அதில் காக்கா கூடு கட்டியிருந்தது.

இரண்டாம் வரைவு: ‘அவர் அழுதுகொண்டே எடிட்டிங் அறைக்குள் நுழைந்தார்.’ இது சுத்தப் பொய். அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துச் சமாளித்திருப்பேன். ஆகவே மூன்றாவது வரைவு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பொறுமையைப் பற்றி நான் பேசுவது எவ்வளவு பெரிய வேடிக்கை என்பது போகப்போகத் தெரியும்.

3

கதை என்னுடையதல்ல, எண்ணக்காவுடையது. பேருந்து நிலையத்தில் முன்பதிவுக் கவுன்ட்டரில் டிக்கெட் கொடுப்பவர். சனிக்கிழமை காலையில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து, சின்னப் பிள்ளைகளுக்கான கணக்கு நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்வார். அது அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு ஒளிபரப்பாகும். மொத்தமே கால் மணி நேரம். பட்டன், சாவி, தீப்பெட்டி என்று வீட்டில் கிடைப்பதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். எண்ணைச் சொல்லித்தரும் அக்கா எண்ணக்கா ஆகிவிட்டார். என்னைவிட ஐந்து வயது சின்னவர்தான். ஊரே அக்கா என்கிறதே என்று நானும் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இந்த முறை எந்தக் குடும்பத்திலும் கிடையாது.

அவருக்கு ஒரு மகள், இரண்டாம் வகுப்பு. கெட்டிக்காரி, ஆனால் நிதானம். மற்ற பிள்ளைகளிடம் பதில் ஓடி வரும் என்றால் இவளிடம் நடந்துதான் வரும். வந்து சேர்வதற்குள் வகுப்பில் டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். ‘தெரியாது’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள். தெரிந்த பிள்ளைக்குத் தெரியாது என்று பெயர் வந்தால் பெற்ற வயிறு என்ன பாடுபடும்!

அதனால்தான் எண்ணக்கா நிகழ்ச்சிக்கே ஒப்புக்கொண்டார். ‘டிவியில அம்மா கேள்வி கேட்டுட்டு உனக்காகக் காத்திருப்பேன். நீ மெதுவாச் சொல்லு’ என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு ஏழு நொடி பேசாமல் நிற்பார். எண்ணுவது முகத்தில் தெரியக்கூடாது என்பதற்காகச் செருப்புக்குள் கால்விரலை மடக்கி எண்ணுவார். வலது காலில் ஐந்து, இடது காலில் இரண்டு.*

* இந்தக் கால்விரல் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. கேமராவில் கால் விழாது.

4

இங்கே ஒரு சிக்கல். இந்தப் பகுதி எண்ணக்காவின் தங்கை வீட்டில் நடக்கிறது. நான் அந்த வாசலைக்கூட மிதித்ததில்லை. மறுநாள் அவர் என் முன்னால் நின்றபடி சொன்ன நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஊதிப் பெருக்கியிருக்கிறேன். துணி மடிப்பது, ஷூ எல்லாம் என் சரக்கு. பேச்சு மட்டும் அவர்களுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை கவுன்ட்டரில் டிக்கெட் அடிக்கும் இயந்திரம் மக்கர் செய்தது. எண்ணக்காவுக்கு விட்டது தொல்லை. நாலேகாலுக்குத் தங்கை வீட்டில் இருந்தார். பள்ளி விட்டதும் மகள் அங்கேதான் இருப்பாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

நாற்பத்து மூன்று வாரத்தில் அவர் தன் நிகழ்ச்சியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நாலரை மணிக்கு எப்போதும் கவுன்ட்டரில் இருப்பவர் எங்கே பார்ப்பது? கூச்சமும் சந்தோஷமுமாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். டிவியில் அவர் ஆறு சாவியைக் காட்டி, இரண்டைத் தொலைத்து, மிச்சம் எத்தனை என்று கேட்டார். கீழே உட்கார்ந்திருந்தவர் மகளின் விரலை அழுத்தினார். இப்போ பாரு, அம்மா காத்திருப்பேன்.

டிவியில் இருந்தவர் மூச்சுக்கூட விடவில்லை. “நாலு! சரியாச் சொன்னீங்களே, சபாஷ்!” என்று கைதட்டினார்.

இரண்டாவது கேள்வியும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. எண்ணக்கா மகள் பக்கம் திரும்பினார். நீ பதில் சொல்லலையா என்று மகளிடம் கேட்டார். அவள் யோசித்தாள்.

(இந்த இடத்தில் எனக்குக் கை பரபரக்கிறது. இதைச் சுருக்கி உடனே பதிலுக்குப் போகலாம். போகவில்லை. அவள் யோசிக்கட்டும்.)

“நீ காத்திருப்பேன்னு சொன்னே,” என்றாள் மகள். “டீச்சராவது வேற பிள்ளைகிட்ட கேப்பாங்க. நீ யார்கிட்டயும் கேக்கலை, நீயே சொல்லிக்கறே.” பிறகு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லம்மா,” என்றாள்.

அந்தப் பரவாயில்லையைத்தான் எண்ணக்காவால் தாங்க முடியவில்லை.

5

மறுநாள் சனிக்கிழமை. எடிட்டிங் அறைக்கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். “சார், ஒரு நிமிஷம்,” என்றார். அண்ணா எங்கே போயிற்று என்று திக்கென்றது.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டதும் திருதிருவென்று விழித்து நிற்கிறாரே, பாவம், அடுத்த வரி மறந்துவிடுகிறது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கேட்டால் சங்கடப்படுவார் என்று கேட்கவும் இல்லை. சத்தமில்லாமல் வெட்டி, கேள்வியையும் பதிலையும் தைத்தது தெரியாமல் ஒட்டிவிடுவேன். அக்கா மானம் என் கையில்தான் இருக்கிறது என்று ஒளிபரப்பு அறையில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அதையே அவரிடம் சொன்னேன், மறந்துட்டீங்கன்னு நினைச்சேன் என்று.

“நாற்பத்து மூணு வாரம், வாரத்துக்கு மூணு தடவை, அதே இடத்துலயா சார் மறப்பேன்?”

கம்ப்யூட்டரில் அவர் முகம் பாதிச் சிரிப்பில் நின்றிருந்தது. அதைக் காட்டிச் சொன்னார்:

“அந்த இடம் காலின்னு நினைச்சு வெட்டிட்டீங்க. அது காலி இல்ல சார். அங்க என் பொண்ணு பேசறா.”

6

இந்த வாக்கியத்தோடு கதையை முடித்துவிடலாம் என்று ஒரு சபலம் வந்தது. முடித்தால் பெயர் கிடைக்கும். ஆனால் அவருக்கு வேண்டியது வாக்கியம் இல்லை, ஏழு நொடி.

மேனேஜரிடம் போனோம். கெட்டவர் இல்லை, பயந்தவர். மூன்று நொடி சத்தமில்லை என்றால் வீட்டில் இருப்பவர்களின் கை ரிமோட்டுக்குப் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. வேண்டுமானால் பின்னால் இசை போட்டுக்கொள்ளலாமே என்றார். எண்ணக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இசை போட்டால் பிள்ளை இசையைக் கேட்கும், யோசிக்காது என்றார். கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு தடவை.

“ஆனா கார்டு விழுந்தா நிகழ்ச்சியும் விழுந்துச்சு, சொல்லிட்டேன்,” என்றார்.

கார்டு என்றால், ஒளிபரப்பு அறையில் ஓர் இயந்திரம் இருக்கிறது. ஐந்து நொடி ஒரு சத்தமும் வரவில்லை என்றால், ஏதோ கோளாறு என்று அதுவாகவே முடிவுகட்டி, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையைப் போட்டுவிடும். எண்ணக்காவுக்கு வேண்டியதோ ஏழு. அந்த இயந்திரமும் என்னைப் போலத்தான், பேச்சு நின்றால் பழுது என்று நினைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு எண்ணக்கா பட்டன் டப்பாவை வைத்துப் பதிவு செய்தார். முடிந்த பிறகு அவரை அதே இடத்தில் நிற்கச் சொல்லி, எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லி, அந்த அறையின் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். சும்மா இருக்கும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. விளக்கு லேசாக முனகும். தெருவில் எங்கோ ஒரு வண்டி போகும். நிற்கிறவர் மூச்சு விடுவார். அதன் ஒலியைக் கொஞ்சம் தூக்கி அந்த ஏழு நொடிக்கு அடியில் விரித்தேன். காதுக்கு அமைதி, இயந்திரத்துக்குச் சத்தம். போதுமா போதாதா என்பது ஒளிபரப்பும்போதுதான் தெரியும்.

அந்த வாரம் முழுக்க நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகளிடம் ‘இந்தத் தடவை நிஜமாவே காத்திருப்பேன்’ என்று அவர் மறுபடி வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாவது தடவையும் பொய்த்துப்போனால் அந்தப் பிள்ளை மூன்றாவது தடவை யாரையும் நம்பாது.

7

வெள்ளிக்கிழமை எண்ணக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு மகளிடம் போய்விட்டார். நான் ஒளிபரப்பு அறையில் நின்றேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒளிபரப்பைக் கவனித்துக்கொள்ளும் ‘சுவிட்ச்’ உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். சிரித்துப் பார்த்ததில்லை. நிகழ்ச்சி எதையும் பார்க்கவும் மாட்டார், சத்தத்தை அளக்கும் ஊசி ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

“இந்த டப்பாவுல பதினொரு பட்டன் இருந்துச்சு,” என்றார் திரையில் எண்ணக்கா. “நாலு என் கையில இருக்கு. டப்பாக்குள்ள எத்தனை?”

நிறுத்தினார். கேமராவைப் பார்த்தார்.

ஒன்று. இரண்டு. அவர் முகத்தை நான் முதல் தடவை முழுதாகப் பார்த்தேன். வரி மறந்தவர் முகமா அது? ஒரு பிள்ளை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். மூன்று. நாற்பத்து மூன்று வாரம் இதைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறேனே, என் கண்ணை எங்கே வைத்திருந்தேன்? நான்கு. ஊசி சோம்பலாக ஆடியது. ஐந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார்டு விழவில்லை. ஆறு.

பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டுத் திரும்பினேன். சுவிட்ச் ஊசியை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. ஓர் எண்ணைச் சொன்னார். சொல்லிவிட்டு, “சரிதானேப்பா?” என்று என்னைக் கேட்டார்.

8

மறுநாள் சனிக்கிழமை எண்ணக்கா பையோடு வந்தார். “அண்ணா, இன்னிக்கு மூணு கேள்விக்கும் விட்டுடுங்க,” என்றார். அண்ணா திரும்பி வந்துவிட்டது. அறையின் சத்தத்தைக் கூடுதலாகவே பதிவு செய்து வைத்துக்கொண்டேன், வருகிற வாரங்களுக்கும் வேண்டியிருக்குமே என்று.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். மகள் என்ன செய்தாள்?

உங்களுக்கும் அதுதானே வேண்டும்? நானும் எழுதிப் பார்த்தேன்.

(அ) மகள் ஏழாவது நொடியில் சரியான பதிலைச் சொன்னாள்; அம்மா கட்டிக்கொண்டார். இது விளம்பரம் மாதிரி இருக்கிறது.

(ஆ) மகள் தப்பாகச் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நடந்ததா என்று—

(இ) மகளுக்கு ஏழு நொடியும் போதவில்லை. அதனால் அவளே தொலைக்காட்சியை—

விட்டுவிட்டேன். ஏனென்றால் எண்ணக்கா சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: “என்ன செஞ்சான்னு சொல்ல மாட்டேன் அண்ணா. நீங்க எங்கயாவது எழுதிடுவீங்க. எழுதிட்டா, அவ பேசற இடத்துல நீங்க பேசின மாதிரி. மறுபடியும் வெட்டினதுதான் அது.”

அவர் சொல்லி இத்தனை வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கதை எழுதுகிறவனும் எடிட்டர்தான். கேள்வியைக் கேட்டுவிட்டு, படிக்கிறவர் வாயைத் திறப்பதற்குள் பதிலை ஒட்டி, சபாஷ் என்று தானே கைதட்டிக்கொள்கிறான். இந்த ஒரு தடவை நான் அதைச் செய்யப் போவதில்லை.

தங்கை வீட்டுத் தரையில், ஷூவைக் கழற்றாத ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா. திரையிலும் அவள் அம்மா. இருவருமே பேசாமல் அவளைத்தான் பார்க்கிறார்கள். பதினொரு பட்டனில் நாலு கையில் இருக்கிறது. அவளிடம் பதில் நடந்து வந்துகொண்டிருக்கிறது, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அவசரமே இல்லை. கத்தரியை மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். செருப்புக்குள் விரலை மடக்கத் தொடங்குகிறேன், வலது காலில் ஐந்து, இடது காலில் இரண்டு.

9

(                                        )