நாலு சொட்டு கிளிசரின்

பெயிண்டரின் முகத்தில் முளைப்பது தாடி இல்லை, கம்பி பிரஷ் என்று பட்டறையில் எல்லோரும் சொல்வார்கள். ‘முள்ளுமூஞ்சி’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை அது. ஒரு முழு பஸ்ஸை, ஓரிடத்திலும் பெயிண்ட் வழியாமல், முகம் பார்க்கிற மாதிரி அடித்து முடிக்கிற கை அவருடையது. பதினாறு வருடமாக அந்தக் கையை யாரும் குறை சொன்னதில்லை. இப்போது குறை முகத்தில் வந்து நின்றது.

பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே அறைக்குள் போகிறவர்கள் இனி ரப்பர் முகமூடி போட வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. அது முகத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு பரீட்சையும் உண்டு. முகமூடியை மாட்டி, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூட்டைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார்கள். வாய் கசந்தால் காற்று உள்ளே புகுகிறது என்று அர்த்தம். பெயிண்டருக்கு இரண்டு முறையும் வேப்பங்காயாகக் கசந்தது.

“தாடைக்குக் கீழ முள்ளு முள்ளா நிக்குது. அது வழியாத்தான் காத்து போகுது,” என்றார் பாதுகாப்பு அதிகாரி மேடம். “வெள்ளிக்கிழமை காலையில கடைசி தடவை. அதுலயும் கசந்தா உங்களை ஸ்டோருக்குத்தான் மாத்தணும்.”

ஸ்டோர் என்றால் நாள் முழுக்க நட்டு போல்ட்டைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிற வேலை. ஸ்ப்ரே கன்னைப் பிடித்த கைக்கு அது தண்டனை. ‘மாட்டேன், அந்த அறையை விட்டு நகர மாட்டேன்’ என்று அன்றே மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

ஷேவ் செய்யாமலா இருந்தார்? தினமும் செய்தார். சோப்பைக் குழைத்துப் பூசி ஒரு கன்னத்தை முடித்து மறு கன்னத்துக்கு வருவதற்குள் நுரை காய்ந்து சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். காய்ந்த இடத்தில் பிளேடு போனால் ரத்தம். ரத்தத்துக்குப் பயந்து கையை லேசாக விட்டால் முள் அசையாது. புதன்கிழமை சாயங்காலம் சலூன்காரரிடம் போய் நின்றார்.

“இனிமே தினமும் காலையில ஆறு மணிக்கு நீங்களே வழிச்சு விட்டுடுங்களேன்.”

“ஆறு மணிக்கு என் வீட்டம்மாவே என்னை எழுப்ப மாட்டா,” என்றார் சலூன்காரர். பிறகு தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுத் தண்ணி உப்புத் தண்ணி. நுரை நிக்காது. நுரையில நாலு சொட்டு கிளிசரின் விடுங்க, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். நாலே சொட்டு, புரியுதா?” என்றார்.

“அது எங்க கிடைக்கும்?”

“எங்க வேணாலும் கிடைக்கும்.”

எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும் என்று சொல்லப்படுகிற பொருள் எங்கேயும் கிடைக்காது. மளிகைக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஃபேன்ஸி ஸ்டோரில் கிளிசரின் சோப்பை நீட்டினார்கள். பெயிண்டர் விடுகிற ஆள் இல்லை. நேரே மருந்துக்கடைக்குப் போனார்.

“கிளிசரின் இருக்கா?”

“குழந்தைக்கா, பெரியவங்களுக்கா?”

“எனக்குத்தான்.”

“எத்தனை நாளா கஷ்டம்?”

“ஒரு மாசமா. தினமும் முயற்சி பண்றேன், சரியா வரலை. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகியே தீரணும்.”

கடைக்காரரின் கண்ணில் பரிதாபம் பொங்கியது. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு பொட்டலத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், மலச்சிக்கலுக்குப் பின்பக்கம் வைக்கிற கிளிசரின் மாத்திரை.

மனைவி சிரித்த சிரிப்பில் அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஆடியது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே துணி அளந்து கொடுக்கிறவள். குதிகால் வெடிப்புக்கு ஏதோ தடவிக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

“இது என்னங்க?”

பெயிண்டர் படித்தார். கிளிசரின். எட்டு வருடமாக அவர் படுக்கிற கட்டிலின் காலடியிலேயே இருக்கிற பாட்டில். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார் மனிதர்.

“இதை எங்க வாங்கின?”

“நீங்க போன அதே கடையிலதான். வெளியில பூசற கிளிசரின் பாட்டில்னு கேக்கணும். கீழ்த்தட்டுல பஞ்சுக்குப் பக்கத்துல இருக்கும். அங்க இல்லன்னா கேக் சாமான் விக்கிற கடையில இருக்கும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா கிரீடம் இறங்கிடுமா?”

“கால்ல தடவுறதையா மூஞ்சில தடவுறது?”

“என் காலைத் தொட்டுப் பாருங்க, உங்க மூஞ்சியையும் தொட்டுப் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

பெயிண்டர் பாட்டிலை வாங்கி ஷேவிங் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

வியாழக்கிழமை காலை நாலு சொட்டு விட்டுக் குழைத்தார். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்து நுரை ஈரம் குறையாமல் காத்திருந்தது. ரத்தமில்லை, எரிச்சலில்லை. காதுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. பெயிண்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சந்தோஷம்தான் கெடுத்தது. நாலு சொட்டுக்கே இப்படி என்றால் ஒரு ஸ்பூனுக்கு எப்படி இருக்கும் என்று வெள்ளிக்கிழமை காலையில் அவர் மூளை கேட்டது. கரைக்க ஊற்றுகிற தின்னர் கொஞ்சம் கூடினாலும் பெயிண்ட் வழியும் என்று பட்டறைக்கே பாடம் எடுக்கிறவர், தன் முகம் என்றதும் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். நுரை படுத்துப் பசையானது. ஆனாலும் பிளேடு வழுக்கிக்கொண்டு ஓடியது. தாடை மழமழவென்று ஆனது. நேரமாகிவிட்டதென்று ஒரு கை தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு ஓடினார்.

பரீட்சை அறையில் மேடம் கூட்டைக் கவிழ்த்து மருந்தைப் பீய்ச்சினார். “தலையை மேலயும் கீழயும் ஆட்டுங்க. இந்தப் பேப்பரைச் சத்தமா படிங்க.” படிக்கப் படிக்க முகமூடி மூக்கின் மேல், பார்க்கிறவருக்குத் தெரியாத அளவு, மெல்ல வழுக்கியது. உதட்டோரம் ஏதோ இனித்தது.

“கசக்குதா?”

“இல்ல மேடம்.”

“பரவாயில்லையே! பாஸ்.” மேடம் பேனாவை எடுத்தார்.

அவ்வளவுதான், முடிந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். ஆனால் பெயிண்டருக்குக் கால் நகரவில்லை. கசக்காதது காற்று புகாததாலா, கிளிசரின் இனிப்பாலா? அவருக்கு முன்னால் ஸ்ப்ரே அறையில் இருந்தவர் இன்று மாடிப்படியில் ஆறாவது படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். அந்த அறை வேண்டும்தான். அதற்குள் மூச்சும் வேண்டுமே. பயமாகத்தான் இருந்தது.

“எழுதாதீங்க மேடம். வாய் இனிக்குது. கிளிசரின் அதிகமாப் போட்டுட்டேன். முகமூடியும் வழுக்குது. கழுவிட்டு வரேன், மறுபடி அடிங்க.”

மேடம் பேனாவை நிறுத்தினார். “யோசிச்சுக்கோங்க. இப்ப கசந்தா ஃபெயில்னுதான் எழுதுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன்.”

குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று முறை முகத்தைக் கழுவினார். வாயைக் கொப்பளித்தார். தாடையை விரலால் அழுத்தித் தேய்த்தார். வழுவழுப்பு போயிருந்தது, முள்ளும் இல்லை. திரும்பி வந்து முகமூடியை இழுத்து மாட்டினார். இந்த முறை ரப்பர் கன்னத்தைக் கவ்விப் பிடித்தது. மேடம் ஒரு தடவை பீய்ச்சினார், இன்னொரு தடவை பீய்ச்சினார். தலையை ஆட்டச் சொன்னார், குனியச் சொன்னார், பேப்பர் முழுவதையும் படிக்கச் சொன்னார். முகமூடி அசையவில்லை.

“கசக்குதா?”

பெயிண்டர் அவசரப்படவில்லை. ஆழமாக இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்தார். “ஒண்ணுமே இல்ல மேடம்.”

“இனிக்குதா?”

“அதுவும் இல்ல.”

“உங்க நாக்குக்குக் கசப்பு தெரியுதான்னு நான் எப்படி நம்புறது?” என்றார் மேடம். “முகமூடியைக் கழட்டுங்க. வாயைத் திறங்க.” கூட்டுக்குள் இன்னொரு முறை பீய்ச்சினார்.

கசப்பு நாக்கில் இறங்கி, தொண்டையில் ஏறி, காது வரைக்கும் போனது. பெயிண்டரின் முகம் எட்டுக் கோணலானது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“கசக்குது மேடம்!” என்று பட்டறைக்கே கேட்கும்படி கத்தினார். “ஐயோ, என்னமா கசக்குது!”

வெளியே வரிசையில் நின்றவர்கள், பாவம் முள்ளுமூஞ்சி, மூன்றாவது தடவையும் போச்சு என்று உச்சுக் கொட்டினார்கள். கதவைத் திறந்துகொண்டு அவர் சிரித்தபடி வெளியே வந்தார். யாருக்கும் பதில் சொல்ல நிற்காமல், முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஸ்ப்ரே அறைக்கு நடந்தார். அங்கே ஒரு பஸ் பிரைமர் என்கிற அடிப்பூச்சோடு காத்திருந்தது.