மந்திரி தலையில் மாரியம்மன் கிரீடம்

புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. எந்த அரசியல்வாதி வந்தாலும் மாரியம்மனின் வெள்ளிக் கிரீடத்தை எடுத்துவந்து அவர் தலையில் வைப்பார்கள். படம் பிடித்ததும் அது கோயிலுக்குத் திரும்பிவிடும்.

வருகிறவர்களும் மரியாதையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ரோட்டுப் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த முறை வந்தவரோ புது மந்திரி. தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் குழைந்த குழைவில் இந்த விஷயத்தை அவர் காதில் போட மறந்துவிட்டார். மந்திரி கிரீடத்தோடு மேடையை விட்டு இறங்கி, ஜீப்பில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் விஜயகலா கஜேந்திரனிடம் ஓடினாள். அன்று சாயங்காலம்தான் அம்மனின் தேர். அவளுடைய அம்மாவும் மற்றப் பெண்களும் கழற்றிக் கொடுத்த தண்டைகளையும் காப்புகளையும் உருக்கிச் செய்த கிரீடம் அது. செத்துப்போன அம்மாவுடையது என்று சொல்ல வேறொன்றும் மிஞ்சவில்லை. அது இப்போது ஒரு தொப்பைக்காரனின் மடியில் கிடந்தது.

"தலைவரே, திருப்பிக் கேளுங்க."

"சும்மா இரு தங்கச்சி. அன்பளிப்புன்னு நெனச்சிட்டாரு. இப்பக் கேட்டா ரோட்டு கிடைக்குமா?" கஜேந்திரன் ஜீப்பைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னார். அந்தப் பல்லைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விஜயகலா ஜீப்பை மறித்தாள். "சேர், மேக்க அபே தேவியன்கே" என்றாள். இது எங்கள் சாமியுடையது என்று சிங்களத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மந்திரி சிரித்தார். வீட்டு ஷோகேஸில் ராஜா காலத்து வாள் மாதிரி ஒரு வெள்ளி வாள் இருக்கிறதாம், வேறொரு தோட்டத்தில் கொடுத்ததாம். அதற்குப் பக்கத்தில் இதை வைப்பாராம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலுக்குள் கையை விட்டுக் கிரீடத்தைத் தூக்கிவிட்டாள். பாதுகாவலன் பாய்ந்து இறங்கினான். பெண்கள் அவளைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். ஒருத்தியும் நகரவில்லை. கேமராக்காரனும் படம் பிடிப்பதை நிறுத்தவில்லை. மந்திரி அதைக் கவனித்தார். கண்ணாடி மேலேறியது, ஜீப் போய்விட்டது.

"எல்லாத்தையும் கெடுத்துட்டியே! இனி ரோட்டு வருமா?" கஜேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"முன்னாடி வந்தவங்க எல்லாரும் கிரீடத்தைத் திருப்பித் தந்துட்டுத்தானே போனாங்க, தலைவரே. அவங்க போட்ட ரோட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

கிரீடத்தின் உள்விளிம்பில் மந்திரியின் தலை எண்ணெய் பிசுபிசுத்தது. விஜயகலா அதைப் பூசாரியிடம் நீட்டினாள்.

"நல்லாப் புளி போட்டுத் தேய்ங்க, சாமி. அம்மன் தலைக்குப் போகணும்."