கனம் குறைந்த இடம்

"மூச்சப் பிடிச்சிக்கொண்டு எழும்பு, தம்பி" என்றார் பின்னால் நின்ற அழகரத்தினம். அப்பாவோடு ஒரே தோணியில் கதிரவெளிக் கடலுக்குப் போனவர் அவர்.

சில்வெஸ்டர் எழும்பினான். அப்பாவின் சவப்பெட்டி தோளில் ஏறியது. கூடத் தூக்கிய மற்ற மூன்று பேரும் வலை இழுத்துத் தோள் காய்த்தவர்கள். மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தே சம்பாதித்த தோள் இவனுடையது மட்டும்தான்.

கோயிலிலிருந்து கல்லறைகள் இருக்கும் சேமக்காலை வரைக்கும் மணல். வழியில் ஆட்கள் தோள் மாற்றுவது வழக்கம். மகன் மட்டும் மாற்றக் கூடாது என்பது அப்பாவின் கடைசி ஆசை. அந்த ஆசையைக் கிளப்பியதும் இவன் வாய்தான்.

சீமையில் இவனுக்கு, பூமியைச் சுற்றிவர மேலே ஏவிய செய்மதிகளின் பாதையைக் கணக்குப் பார்க்கும் வேலை. செய்மதி எங்கே தாழ்கிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்தால், கீழே பூமி எந்த இடத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கே என்னதான் செய்கிறாய் என்று படுக்கையில் கிடந்த அப்பா கேட்டபோது இதைச் சொன்னான். நம்முடைய கடல் பக்கம் இழுவை குறைவு என்றும் சொன்னான்.

"அப்ப இஞ்ச கனமும் குறைவோ?"

"ஓம் அப்பா."

"அப்ப நீயே என்னத் தோள் மாத்தாமக் கொண்டு போயிருவாய், மனே."

குறைவது ஒரு சிட்டிகை உப்பளவுதான் என்று சொல்ல வாயெடுத்தான். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வைத்தியர் கைவிட்ட மனிதருக்குக் கொடுக்க இவனிடம் வேறு என்ன இருந்தது? ஓம் என்றுவிட்டான். மறுநாள் பகல் அவர் மூச்சுக்குத் திணறியபோது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான், அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மணலில் கால் புதைந்தது. பாதி வழியில் மற்ற மூன்று பேரும் மாறினார்கள். இவனிடமும் ஒருவர் வந்தார், தலையாட்டி மறுத்தான். இன்னும் கொஞ்சத் தூரம்தான், சேமக்காலைச் சிலுவைகள் தெரிந்தன. அப்போது முழங்கால் மடங்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த அம்மாவின் அழுகை நின்றுபோனது.

அழகரத்தினம் ஓடிவந்து தன் தோளைக் கொடுத்தார்.

"விடு தம்பி. அப்பா ஒண்டும் நினைக்க மாட்டார்."

விட்டான். வெட்கமாக இருந்தது, அழவும் முடியவில்லை. விலகி நடக்க மனம் வராமல், பெட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே போனான்.

கையில் கனமே தெரியவில்லை.