கூட்டுக்குள் பெய்த பனி

லூடிவின் சீரின் கோழிக்கூட்டுக்குள் ஜனவரியில் பனி பெய்தது. வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடகோடியில், எங்கள் உருளைக்கிழங்கு ஊரில், குளிருக்கு முன் வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவோம். லூடிவினும் புருஷன் ஓனிலும் கூட்டுக்கும் அதையே செய்து, கடைசி இடுக்குவரை அடைத்தார்கள். ஆறு கோழிகளின் மூச்சும் எச்சத்தின் ஆவியும் போக வழியின்றிக் கூரையில் உறைந்து பனியாகத் திரும்பி விழுந்தன. உள்ளே போனால் கண் எரிந்தது. கொண்டைகள் நுனியிலிருந்து கறுத்தன. ஒரு கோழி செத்தது.

குளிர்தான் கொன்றது, இன்னும் நன்றாக அடை என்றது ஊர். பக்கத்து வீட்டு நார்மான், "அதுங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடேன் லூடி" என்றான். கூட்டுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்க்க ஒருவருக்கும் முதுகு வளையவில்லை. லூடிவின்தான் முகர்ந்தாள். ஈரத்துணியோடு குளிரில் நின்றால் யார்தான் உறையமாட்டார்கள்? கோழி உட்காரும் கம்பில் காற்று அடிக்கக்கூடாது. அதற்கு ஒரு முழம் மேலே, கூரை விளிம்பின் அடியில் ஈரம் போக ஒரு நீள வழி அறுத்தால் போதும்.

ஆனால் கூட்டின் பலகை பண்ணைக்கார ஹாஸ்கலுடையது. நாங்கள் குடியிருந்த வீடுகளும் அவனுடையவை. கணப்பு எண்ணெய் வீணாகிறதென்று எங்கள் ஜன்னல்களை ஆணியடித்துவிட்டுப் போனவன் அவன். பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க இருமினார்கள். சனிக்கிழமைதோறும் லூடிவினின் முட்டையை ஓசியில் தின்ற வாயால் சொன்னான்:

"என் பலகையில ரம்பம் பட்டுச்சுன்னா, கூட்டோட நீங்களும் தெருவுலதான்."

ஓனில் தொப்பியைக் கையில் பிடித்து நின்றான். ஹாஸ்கலின் கிழங்கு மூட்டையைச் சுமந்து வளைந்த முதுகு; நிமிர மறந்துவிட்டது. லூடிவின் ரம்பத்தை எடுத்தாள்.

"பலகை உங்களோடதுதான் ஐயா. உள்ள கிடக்கிற மூச்சு என் கோழிங்களோடது. அதை வெளிய விடுறேன். வேணும்னா பிடிச்சு வச்சுக்குங்க."

அறுத்தாள். பனி அந்த வழியே மேகமாகக் கிளம்பி, வயலைத் தாண்டி, ஹாஸ்கல் வீட்டுக்கு மேல் போய் நின்றது. அன்று முதல் அந்த வீட்டின்மேல் மட்டும் பெய்கிறது, எச்ச வாடையோடு. எங்களைத் தெருவில் விட அவன் புறப்படும்போதெல்லாம் பனி அவன் வாசலை மூடிக்கொண்டது. ஜன்னல் ஆணிகளை நாங்களே பிடுங்கினோம், இருமல் நின்றது. ஹாஸ்கல் செத்து, மகன் வந்தும் பனி விடவில்லை. ஜூலையில், கிழங்குச் செடிகள் பூத்து நிற்க, ஊராட்சியின் பனி தள்ளும் வண்டி அந்த ஒரு வாசலை வழிக்கப் போகிறது. ஓட்டுகிறவன் ஓனில். மூக்கில் துணி கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகத்தான் போகிறான்.