ஒரு பாடம் பாக்கி

சீனியர் அழுத்தியது ஒரே ஒரு பொத்தானைத்தான். ஊருக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில், தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தப்பாக இருந்தது. அதைத் திருத்தி, 'வெளியிடு' என்பதை அழுத்திவிட்டு, கோட்டையைப் பிடித்த தளபதி போலக் கீழே டீ குடிக்கப் போனார். மூன்று வாரமாகச் சோதனைக்கென்று அரைகுறையாகக் கிடந்த 'எங்கள் குழு' பக்கமும் அந்த எண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உலகத்துக்குள் போய்விட்டது அவருக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்தில் ஆளுக்கொரு பெட்டி. மேலே படம், கீழே எங்கே படித்தார், எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்ற விவரம். மற்றவர்கள் தங்கள் வரலாற்றை இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார்கள். சீனியர் மட்டும் தன்னுடையதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பெட்டி காலியாக இருந்தால் அமைப்பு குலையும் என்பதால், இந்தத் தொழிலில் அர்த்தமில்லாத சொற்களை இட்டு நிரப்புவது வழக்கம். பதினேழு வருடம் அர்த்தமில்லாததையே நிரப்பிச் சலித்த கை, அன்றைக்கு என்னவோ உண்மையைத் தட்டியது.

"படிப்பு: முடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார். கணக்கில் ஒரு பாடம் பாக்கி. மூன்று முறை எழுதித் தோற்றார். நான்காவது முறை, தேர்வு நாளன்று இன்டர்வியூவுக்குப் போய்விட்டார். அனுபவம்: பதினேழு வருடம். அதில் பதினாறு வருடம் பயம்."

டீயை அவர் பாதி குடித்திருந்தபோது டெஸ்டிங் பார்க்கும் பெண் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சீனியர், உங்க பெட்டியில காமெடியா என்னமோ இருக்கே, வேணும்னே போட்டதா?"

நாற்பது வயதில் மூன்று மாடியை அவர் ஏறிய வேகத்தைப் பார்த்திருந்தால் டாக்டர் திட்டியிருப்பார். பக்கத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்தபோது, வெளியிட்டு இருபத்துமூன்று நிமிடம் ஆகியிருந்தது.

முதல் இன்டர்வியூவில் கொடுத்த படிவத்தில் 'பட்டம் பெற்றவர்' என்று எழுதியபோது, அடுத்த தேர்வில் எப்படியும் தேறிவிடுவோம், அப்புறம் அது பொய்யாக இருக்காது என்று நினைத்தார். அதற்குள் வேலை வந்தது, கல்யாணம் வந்தது, மகள் வந்தாள். நான்கு கம்பெனிகள் மாறினார். அந்த வரியும் அவரோடு மாறி மாறி வந்தது, அவரைவிட நல்ல சம்பளத்துக்கு. பெட்டி பெட்டியாக அடுக்கிப் பக்கம் கட்டிய காலம், எழுத்துகளை ஓடவிட்டுக் கண்ணைப் பறித்த காலம், கைப்பேசிக்காக எல்லாவற்றையும் இடித்துக் கட்டிய காலம் என்று, தெரிந்ததெல்லாம் மூன்று வருடத்துக்கொருமுறை குப்பைக்குப் போக, ஒவ்வொரு முறையும் ஒன்றாம் வகுப்புப் பையனாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அதையெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால் பட்டம் என்ற அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள்.

யார் யார் வந்தார்கள் என்று சர்வரின் பதிவேட்டைத் திறந்தார். ஐந்து வருகைகள். இரண்டு, தேடுபொறி அனுப்பும் எந்திரங்கள். அவை ஊர்வம்பு பேசாது. ஒன்று, பதறிப்போய் அவரே பார்த்தது. ஒன்று, டெஸ்டிங் பெண். மிச்சமிருந்த ஒன்று இதே அலுவலகத்தின் இணைப்பிலிருந்து. அந்தப் பக்கத்தில் நான்கு நிமிடம். அவருடைய பெட்டியைப் படிக்க அரை நிமிடம் போதும். மீதி மூன்றரை நிமிடம் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் முப்பது பேர். எல்லோருக்கும் வெளியே காட்டும் இணைய முகவரி ஒன்றுதான். சீனியர் தலையைத் தூக்கி ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். எல்லா முதுகும் விஷயம் தெரிந்த முதுகாகத்தான் இருந்தது.

"நீ முழுசா படிச்சியாம்மா?" என்று டெஸ்டிங் பெண்ணிடம் போய்க் கேட்டார்.

"நான் எழுத்து அளவு சரியா இருக்கான்னுதான் பாத்தேன், சீனியர்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மனைவிக்கு போன் செய்தார். அவளுக்கு விஷயம் முதலிலிருந்தே தெரியும்.

"யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. நீங்க செய்யற வெப்சைட்ட நானே படிக்கிறதில்ல" என்றாள். பிறகு, சிரிப்பில்லாமல், "வேலைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள்.

ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தார். "அப்புறம் கூப்பிடறேன்" என்றுதான் வந்தது.

மனிதவளப் பிரிவுக்காரர் வழியில் எதிர்ப்பட்டுச் சிரித்தார். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவர்தான். ஆனால் இன்றைக்கு ஒரு பல் கூடுதலாகத் தெரிந்தது.

நான்கு மணிக்கு டீம் லீட் கூப்பிட்டார். ஜன்னலில்லாத சின்ன மீட்டிங் அறை. சீனியரைவிட ஐந்து வயது இளைய பெண்மணி. வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் செய்யும் பக்கத்தைப் பற்றிப் பேசினார். டாக்டரைப் பார்க்க நேரம் பதியும் இடம் மெதுவாக வருகிறதாம். சீனியர் தலையாட்டினார். நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறதாம். அதற்கும் ஆட்டினார். தன் முகத்தைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"மேடம், காலையில அந்தப் பக்கத்தப் படிச்சது நீங்களா?"

அவர் லேப்டாப்பை மூடினார்.

"நான்தான். ரெண்டு தடவ படிச்சேன்."

"சும்மா விளையாட்டுக்கு…"

"விளையாட்டுன்னு சொல்லாதீங்க. அந்தப் பக்கத்துல விளையாட்டா இல்லாதது உங்க பெட்டி மட்டுந்தான்."

சீனியர் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடுங்க. எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டிருக்காங்க. அடுத்த மாசம் வெளி ஆளுங்க வந்து, காலேஜ்லயே விசாரிச்சு, எல்லார் சர்டிபிகேட்டையும் சரிபாக்கப்போறாங்க. லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. எங்கிட்ட கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி நீங்களே எழுதிக் குடுத்தா, உங்க வேலையப் பத்தி எனக்குத் தெரிஞ்சத நானும் கூட எழுதுவேன். அப்பவும் வேலை தங்குமான்னு கேட்டா, தெரியாது. இதான் உண்மை."

எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். சீனியர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே யாருமில்லை என்று அணைந்துவிட்டது. இருட்டில் ஒரு நிமிடம் இருந்தார். பிறகு, வகுப்பில் தன் பெயரைக் கூப்பிடக் கேட்ட மாணவனைப் போல, மெல்ல ஒரு கையைத் தூக்கினார். விளக்கு எரிந்தது.