இடது காதில் ஒரு நூல் உருண்டை

ஆண்டனியின் இடது காது சுத்தமாக அடைத்துக் கிடக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவர் மனைவி ரோஸ்லின் சந்தோஷப்பட்டாள். கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் அவளுக்குக் காரணம் இருந்தது.

ஆண்டனி லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருக்கு இடப்பக்கம் ஒரு கிரைண்டர் நாளெல்லாம் அலறும். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். அது வழுக்குகிறதாம். அதனால் மெஷின் துடைக்கிற கழிவு நூலில் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, இடது காதில் செருகிக்கொள்வார். சாயங்காலம் சைக்கிள் சாவியால் நோண்டி எடுப்பார். ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி விட்டுக்கொள்வார். காதை இவ்வளவு கவனிக்கிற ஆள் காலனியிலேயே வேறு கிடையாது என்பது அவர் நினைப்பு.

டாக்டர் அக்‌ஷதா வேலூரில் படித்தவர், தமிழ் பேசுவார். போன வாரமே சொட்டு மருந்து கொடுத்து ஊறவைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். இன்று மெல்லிய குழாயால் உறிஞ்சினார், பிறகு இடுக்கியால் மெதுவாக இழுத்தார். கறுப்பாக ஒரு உருண்டை வந்தது. அதிலிருந்து நீல நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், இது காதா, மூட்டையா? அழுக்கு தானா வெளிய வந்துடும். நீங்கதான் சாவியால உள்ள தள்ளிட்டீங்க. இனிமே எண்ணெய் வேண்டாம், பட்ஸ் வேண்டாம், சாவி வேண்டவே வேண்டாம். கம்பெனி அடைப்பானை ஒழுங்கா வைங்க."

"ஹவ் மேடம்," என்று லாலாகுடா உருதுவில் ஆமாம் போட்டார் ஆண்டனி, பிடிபட்ட முகத்தோடு.

"எப்போலேர்ந்து கேக்கல?"

"போன கிறிஸ்மஸ்லேர்ந்தே மந்தம்தான்."

கிறிஸ்மஸ்! ரோஸ்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பொங்கல் சமயத்தில் ஆண்டனியின் அக்கா எலிசபெத் கண் ஆபரேஷனுக்காக அரக்கோணத்திலிருந்து வந்து தங்கியிருந்தார். ஒருநாள் ரோஸ்லின், "இது வீடா, சத்திரமா?" என்று கேட்டுவிட்டாள். அக்கா கட்டுப்போட்ட கண்ணோடு அன்றைக்கே ரயிலேறிவிட்டார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகக்கூடாது என்று ரோஸ்லின் புருஷனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு, தண்ணீர், கேஸ் தவிர வேறு பேச்சில்லை.

அப்படியானால் அவருக்குக் கேட்கவே இல்லை! ரோஸ்லினுக்கு மனசு லேசானது.

"வலது காது எப்படி மேடம்?" என்று எதற்கும் கேட்டு வைத்தாள்.

"அதுல ஒரு குறையும் இல்ல. ரகசியம் பேசினாக்கூடக் கேக்கும்."

பஸ்ஸில் ஆண்டனி ஒவ்வொரு ஹாரனுக்கும் முகத்தைச் சுளித்தார். ரோஸ்லின் ஒரே ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நான் எந்தப் பக்கம் நின்றேன்?

வீடு வந்ததும் அவர் வழக்கமான நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்தார். அவள் அன்று நின்ற சமையலறை வாசலில் போய் நின்று பார்த்தாள். அவருடைய வலது காது நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியை அப்புறம் யாராவது நகர்த்தியிருக்கலாம். ஆனால் அதன் கால் சிமெண்ட் தரையில் பள்ளமே போட்டிருந்தது.

"ஏங்க, தவக்காலத்துல நான் ஒண்ணு சொன்னேனே. கேட்டுச்சா?"

அவர் பேப்பரை மடித்தார். "கேட்டுச்சு."

"அப்ப கைக்கு பதில் சொல்லல?" 'ஏன்' என்பதற்கு அவளுக்கும் ஊர் உருதுதான் வந்தது.

"என்கிட்ட கேட்டா நான் என்னா சொல்றது? என்னையா வெரட்டுன?"

ரோஸ்லினுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. அக்காவைவிடப் புருஷன் சுலபம் என்றுதான் அவரிடம் கேட்டிருந்தாள்.

போனுக்குக் கையை நீட்டினாள். அவர் போனில் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"ஆண்டனி? ஏம்பா, காது எப்படி இருக்கு?"

"அண்ணி, நான் ரோஸ்லின்."

 அக்கா போனை வைத்துவிடவில்லை.

ஆண்டனி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். இப்போது இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்பதால் வாசலோடு நிற்காமல் தெருமுனை வரை போனார்.